அருள்புரம் திருப்பத்தில் ஒரு முகம்

பனியன் துணியில் நாடிக்கட்டு நிற்காது. அது வேல்விழிக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த நேரத்தில் கைக்கு அகப்பட்டது அதுதான். கட்டிங் வேஸ்ட் மூட்டையிலிருந்து ஒரு வெள்ளைக் கீற்றை உருவி, அப்பாவின் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். கையை எடுத்ததும் துணி நீண்டு கொடுத்தது. வாய் மெல்லத் திறந்துகொண்டது. இழுத்து இன்னொரு முடிச்சுப் போட்டாள். அதுவும் நீண்டது.

"வேட்டியக் கிழிடி," என்றாள் சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா ஒச்சம்மாள். "இந்தச் சனியன் பிடிச்ச துணி இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். அந்த மனுசன் அப்படியா இருந்தாரு?"

கொடியில் கிடந்த பழைய வேட்டியை எடுத்துக் கரையோடு கிழித்தாள். இந்த முறை கட்டு நின்றது. அது நின்ற பிறகுதான் வேல்விழிக்கு அழுகை வந்தது. துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள்.

அப்பா சோணைமுத்து ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நாள் முழுக்க நீராவிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிற வேலை. மானாமதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர். வேல்விழி அப்போது கைக்குழந்தை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் வேறு ஆள். கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில், தெற்குச் சீமையிலிருந்து வந்த நாலைந்து ஆட்களோடு சேர்ந்து கம்பு சுற்றுவார். யாருக்கும் காட்டுவதற்காக அல்ல. வாரமெல்லாம் வளைந்து கிடந்த முதுகு ஒரு நாளாவது நிமிரக் கேட்கும், அவ்வளவுதான்.

அதைத்தான் போன தை மாதம் திருமூர்த்தி பார்த்துவிட்டார். கம்பெனி முதலாளி அவர்; ஏற்றுமதிக்காரர்கள் சேர்ந்து ஊருக்குப் பெயர் வாங்கித் தர அமைத்திருந்த கமிட்டிக்குச் செயலாளரும் அவரே. பொட்டலில் காரை நிறுத்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். அடுத்த வாரமே சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார். அங்கேயே வேலை பார்க்கிற, செக்கிங் மேசையில் உட்கார்ந்திருந்த வேல்விழியும் கேட்டாள்.

"நம்ம ஊரு பனியன் போகாத நாடு கெடையாதுங்க. ஆனா கழுத்துல இருக்கற லேபிளப் பாருங்க, அவன் பேருதான் இருக்கும். நம்ம ஊரு பேரு எங்கியாச்சும் இருக்குதுங்களா? பையரு வர்றான், ஏசி ரூம்புல உக்காந்து ஆர்டரப் போடறான், பொழுதோட கோயமுத்தூருப் போயி ஃப்ளைட்டு ஏறிப் போயர்றான். ஒரு நாளு தங்கறானுங்களா? தாய்லாந்துக்குக் குத்துச்சண்டை பாக்கறதுக்குன்னே போறாங்க. சீனாவுல ஒரு மலைக்கோயில வெச்சுட்டு ஒலகத்தையே வரச் சொல்றான். நம்மகிட்ட இல்லாத சண்டைங்களா?"

அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. பேசி முடித்ததும் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். பிறகு பெங்களூரிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்தார், கேமராக்காரர்கள் வந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து சிலம்பம் பார்க்கலாம், ஆசைப்பட்டால் சில நாள் தங்கிக் கற்றுக்கொள்ளலாம், அப்படியே பனியனுக்கு ஆர்டரும் கொடுக்கலாம். ஊருக்கு 'சிலம்ப நகரம்' என்று புதுப் பெயர். அந்தப் பெயருக்கு ஒரு முகம் வேண்டும் என்றார் கன்சல்டன்ட். சோணைமுத்துவின் மீசையைப் பார்த்ததும் தேடலை நிறுத்திவிட்டார்.

அருள்புரம் திருப்பத்தில், பல்லடம் ரோட்டைப் பார்த்தபடி, சவுக்குக் கம்புகளை நட்டு மூன்று ஆள் உயரத்துக்கு ப்ளக்ஸ் கட்டினார்கள். மேலே ஆங்கிலத்தில் வரவேற்பு. கீழே தமிழில் 'எங்கள் மண், எங்கள் வீரம்'. நடுவில் சோணைமுத்து: வெற்று மார்பு, இடுப்பில் கன்சல்டன்ட் தைத்துக் கொண்டுவந்த தங்கக்கரைச் சிவப்புப் பட்டு, கையில் கம்பு. கம்பின் நுனி விழா மைதானத்தின் பக்கம் காட்ட வேண்டும் என்பதற்காகப் படத்தையே இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

குடும்பத்தோடு போய்ப் பார்த்த அன்று ஒச்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆத்தாடி, உங்களப் பீச்சாங்கைக்காரரா ஆக்கிட்டாய்ங்க. புருவத்துத் தழும்பு அங்கிட்டுப் போயிருச்சு. யாரோ உங்க அண்ணங் கெணக்கா இருக்கு."

சோணைமுத்து சிரிக்கவில்லை. கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இருக்கட்டும்டி. இந்த ஊர்ல என்னையத் தூக்கி நிப்பாட்டிட்டாய்ங்கல்ல. இனிமே ஒரு பய என்னையப் பாத்து எந்த ஊருன்னு கேக்க மாட்டான்."

அந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் கிடையாது. டீக்கடையில் கேட்டார்கள், வீடு தேடிப் போன இடத்தில் கேட்டார்கள், ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்பார்கள், "நீங்க எந்த ஊருங்க?" என்று. அருள்புரம் என்று அவர் சொன்னால், "அது இல்லீங்க, சொந்த ஊரு?" என்று மறுபடி கேட்பார்கள்.

விழாத் தொடக்கம் இன்று சாயங்காலம். நேற்று பகல் முழுக்க அயர்ன் மேசையில் நின்றுவிட்டு, அதன் பிறகு மைதானத்தில் ஒத்திகை. வீடியோக்காரர்கள் "இன்னொரு தடவை மாஸ்டர், இன்னொரு தடவை" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர், வாயுதான் என்று சொல்லி ஒரு கோலி சோடா குடித்துவிட்டுப் படுத்தார். விடிந்து ஒச்சம்மாள் தொட்டுப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டுக் கிடந்தது.

முதலில் வந்தது அந்த லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரி பொன்னாத்தாள். வெறுங்கையோடு வரவில்லை, ஒரு தூக்குப் போசி நிறையக் காப்பி கொண்டுவந்தாள். ஒச்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அழுகையும் நிஜம்தான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேல்விழி பக்கம் திரும்பினாள்.

"தப்பா நெனைக்காத கண்ணு. எப்ப எடுத்துட்டுப் போறீங்க?"

"எங்க எடுத்துட்டுப் போறதுங்க்கா?"

"உங்க ஊருக்குத்தான். இத்தன குடித்தனம் இருக்கற எடம். பொணத்த வெச்சுட்டு நேரம் போக்காதீங்க சாமி. அடுத்தாப்புல குடி வர்றவங்க யோசிப்பாங்கல்ல?"

வேல்விழி தூக்குப் போசியைத் திறந்தாள். காப்பியை டம்ளரில் ஊற்றி அம்மாவிடம் கொடுத்தாள். ஒச்சம்மாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோமனூரில் தறி ஓட்டுகிற தாய்மாமன் அழகுமலை பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். தெருமுனையிலேயே துண்டை வாயில் வைத்துக்கொண்டு, "மச்சான், மச்சான்" என்று அடித்துக்கொண்டு வந்தான். ஆண்பிள்ளை இல்லாத வீடு. கொள்ளிச்சட்டி அவன் கைக்குத்தான். அழுது ஓய்ந்ததும் அவனும் அதையேதான் சொன்னான்.

"ஊருக்குக் கொண்டு போயிருவம்க்கா. அங்கிட்டு நாலு சொந்தம் இருக்கு. இங்கன யாரு இருக்கா நமக்கு? இவய்ங்க மயானத்துல நம்மள விடுவாய்ங்களான்னே தெரியல."

"ஓடைக்கு அங்கிட்டுப் பொது மயானம் இருக்கு மாமா," என்றாள் வேல்விழி.

"இருக்கும். போற வழி எது? அந்த மெயின் ரோடு. இன்னைக்கு அதுல ஈ காக்காய விட மாட்டாய்ங்க."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, தெருமுனையில் திருமூர்த்தியின் கார் வந்து நின்றது. பின்னாலேயே ஒரு வெள்ளை ஆம்புலன்ஸ் வேன். அதற்குள் ஐஸ் பெட்டி. கம்பெனிப் பெயர் போட்ட ரிப்பனோடு ஆள் உயர ரோஜா மாலையை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். திருமூர்த்தி செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து, காலடியில் மாலையை வைத்துக் கும்பிட்டார். கண் கலங்கித்தான் இருந்தது.

"நேத்துக்கூட எங்கூடப் பேசிட்டிருந்தாருங்க. நம்பவே முடியலீங்க," என்றார் அழகுமலையிடம். "எல்லாம் நான் பாத்துக்கறனுங்க. வண்டி தயாரா நிக்குது. உங்க ஊருக்கே கொண்டு போயி கவுரவமாச் செய்யுங்க. காரியம் முடியற வரைக்கும் செலவு என்னோடதுங்க."

அழகுமலை கையெடுத்துக் கும்பிட்டான். ஒரு முதலாளி இந்த ஒண்டுக்குடித்தனத்துக்குள் குனிந்து வந்ததே அவனுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

"இங்கயே எடுக்கலாம்னு இருக்கம் மொதலாளி," என்றாள் வேல்விழி.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளே கொஞ்சம் திடுக்கிட்டுத்தான் போனாள். அந்தத் தீர்மானம் அவள் வாயிலிருந்து வரும்வரை அவளுக்கும் தெரியாது.

"இங்கயா?" திருமூர்த்தி குரலை இறக்கினார். "அம்மணி, நெலமையச் சித்த யோசிச்சுப் பாரு. சாயங்காலம் பஸ்ஸு பஸ்ஸா கெஸ்ட்டு வர்றாங்க. அதே ரோடு. மொத மொதல்ல ஊருக்குள்ள வர்றவங்க எதுத்தாப்புல பாடை வந்தா நல்லாவா இருக்கும்? இல்ல, பொழுது விழுந்து எடுங்க, வேண்டாங்கல."

"பொழுது விழுந்து எடுக்குற வழக்கம் எங்களுக்கு இல்லீங்க."

"எங்களுக்குந்தான் இல்ல. அதுக்குத்தான் வண்டி கொண்டாந்தேன்."

வேல்விழிக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "அப்பா இல்லேன்னு ஆயிருச்சு. அப்ப அந்தத் திருப்பத்துல இருக்குற படத்த எறக்கிருவீங்களா மொதலாளி?"

அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில்தான் அவர் சொன்னார். "அதெதுக்கு கண்ணு எறக்கறது? அது பாட்டுக்கு இருக்கட்டும். வர்றவங்களுக்கு என்ன தெரியப் போகுது? உங்கப்பாவுக்குப் பதிலா அருண்பாண்டி சுத்தறான். பேசியாச்சு. அந்தச் செவப்புப் பட்டு டிரெஸ்ஸு மட்டும் ஊட்டுல இருக்குதுன்னாங்க, அதக் குடுத்துட்டீன்னா போதும்."

வெளியே ஆம்புலன்ஸின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முகம் இருக்கலாம், உடம்பு போய்விட வேண்டும். வேல்விழிக்கு ஆத்திரம் பொங்கியது. எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார் பாவி மனுஷன்!

அவள் வாயைத் திறப்பதற்குள் ஒச்சம்மாள் எழுந்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து, நான்காக மடித்து வைத்திருந்த அந்தப் பட்டை எடுத்தாள். சோணைமுத்து தன் கையாலேயே அயர்ன் போட்டு மடித்தது. ஒரு சுருக்கம் இல்லை. அதைக் கொண்டுவந்து திருமூர்த்தியின் கையில் வைத்தாள்.

"கொண்டு போங்க. அது அவரு துணி இல்ல. வேசம் உங்களோடது, எடுத்துக்கங்க. ஆளு எங்களோடது. அவர எங்க கொண்டு போறதுன்னு நாங்க பாத்துக்கிறம்."

திருமூர்த்தி பட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு, "பேசி முடிவு பண்ணுங்க. வண்டி நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் குனிந்து வெளியேறினார்.

அவர் போனதும் அழகுமலை வெடித்தான். "என்னத்தா பண்றீங்க ரெண்டு பேரும்? பொழப்புக் குடுக்குற மனுசன். நாளைக்கு அந்தக் கம்பெனிக்குத்தான நீ வேலைக்குப் போகணும்? ஊருக்குக் கொண்டு போனா என்ன கொறஞ்சிரும்?"

"எந்த ஊருக்கு மாமா? நம்ம வீடு இடிஞ்சு கருவேல மொளச்சுக் கெடக்கு. கடைசியா அப்பா அங்க போனப்ப, 'திருப்பூர்க்காரரு வந்திருக்காரு'ன்னுதான சொன்னாய்ங்க? அங்க திருப்பூர்க்காரரு, இங்க மானாமதுரைக்காரரு. செத்தாவது ஒரு ஊர்ல இருக்கட்டும் மாமா."

"அதுக்காக?"

"அவரு மூஞ்சி இந்த ஊருக்கு வேணுமாம். அப்ப ஒடம்பையும் இந்த ஊருதான் வாங்கிக்கணும். நான் விட மாட்டேன்."

அழகுமலை அக்காளைப் பார்த்தான். ஒச்சம்மாள் புருஷனின் நெற்றியில் விபூதியைப் பூசிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விருட்டென்று வெளியே போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, இரண்டு பச்சை மூங்கிலும் ஒரு கட்டுத் தென்னங்கீற்றும் தோளில் சுமந்து வந்து வாசலில் போட்டான். ஆம்புலன்ஸ் டிரைவரிடம் போய், "அண்ணே, வண்டிய எடுத்துட்டுப் போங்க," என்றான்.

பொன்னாத்தாள் தன் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. ஆனாலும் பாடை கட்டக் கயிறு போதவில்லை என்று கேட்டபோது, மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த புதுக் கயிற்றை எடுத்துக் கொடுத்தாள்.

அதற்குள் கம்பெனி அயர்ன் செக்ஷன் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பொட்டல்காரர்கள் கம்புகளோடு வந்தார்கள். அவர்களில் ஒருவன்தான் அருண்பாண்டி, டெய்லர், பதிலுக்குச் சுற்றப் போகிறவன். வேல்விழி முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்குத் தெரியாதுக்கா. காலையில கம்பெனிக்குக் கூப்ட்டு, மாஸ்டருக்கு ஒடம்பு முடியல, நீ சுத்துன்னாய்ங்க. செத்துட்டாருன்னு சொல்லவே இல்ல. இப்ப பட்டக் கொண்டாந்து குடுத்தப்பதான் தெரிஞ்சது. மேசையிலயே வச்சிட்டு வந்துட்டேன். போங்கடா நீங்களும் உங்க வெழாவும்னு வந்துட்டேன்."

வேல்விழி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அப்பாவின் காலடியில் கிடந்த ரோஜா மாலையை எடுத்தாள். ரிப்பனை மட்டும் பிய்த்து ஓரமாகப் போட்டாள். "இதத் தூக்கு. எங்கூட வா," என்றாள். கட்டிங் டேபிளில் துணி மேல் குறி போடுகிற தடித்த கறுப்புப் பேனா ஒன்று அலமாரியில் கிடந்தது. அதையும், ஓர் அகல் விளக்கு, தேங்காய், கற்பூரத்தையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டாள்.

அருள்புரம் திருப்பத்தில் தோரணம் கட்டியிருந்தார்கள். சாலை ஓரம் முழுக்கச் சுண்ணாம்புக்கோடு. ப்ளக்ஸுக்கு சீரியல் லைட் சுற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் ஈஸ்வரமூர்த்தி ஏணியை விட்டு இறங்கி, பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். அந்த ஏணியில்தான் வேல்விழி ஏறினாள்.

"ஏனுங்க அம்மணி, என்னங்க பண்றீங்க? கீழ எறங்குங்க!" என்று அவர் பதறி ஓடிவந்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். மேலே இருக்கிற முகத்தைப் பார்த்தார். பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, ஏணி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மாலையை ஒரு முனையில் அவளும் மறுமுனையில் சவுக்குக் கம்பில் தொற்றி ஏறிய அருண்பாண்டியும் பிடித்து, படத்தின் தோள்கள் இரண்டிலும் விழுகிற மாதிரி கட்டினார்கள். அவ்வளவு பெரிய முகத்துக்கு ஆள் உயர மாலையே சின்னதாகத்தான் இருந்தது. பிறகு அவள் பேனாவை எடுத்தாள். இத்தனை பெரிய ப்ளக்ஸில், இத்தனை நாளாக, ஓர் இடத்திலும் அந்த ஆளின் பெயர் கிடையாது. 'எங்கள் மண், எங்கள் வீரம்' என்பதற்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தில் எட்டி எட்டி எழுதினாள்:

சோணைமுத்து. அயர்ன் மாஸ்டர். அருள்புரம்.

கீழே இறங்கி, அடிக்கம்பு ஓரம் இரண்டு செங்கல்லை அடுக்கி, அகல் விளக்கை ஏற்றி வைத்தாள். அருண்பாண்டி தேங்காய் உடைத்தான். கற்பூரம் எரிந்தது. ரோட்டில் போன ஒரு பால்காரர் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஷிப்டு முடிந்து வந்த பெண்கள் நின்றார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது.

திருமூர்த்திக்கு யாரோ போன் போட்டிருக்க வேண்டும். கார் வந்து சடக்கென்று நின்றது. அவர் இறங்கி அண்ணாந்து பார்த்தார்.

"அம்மணி, இது நாயமா? எத்தன மாசத்து ஒழைப்பு இது? ஊருக்குப் பேரு வாங்கோணும்னு நாய் மாதிரி அலஞ்சிருக்கறேன். உங்கப்பனுக்கு நான் என்ன கொற வெச்சேன்?"

"நீங்கதான் சொன்னீங்க மொதலாளி," என்றாள் வேல்விழி. "பனியன் நாம தைக்கிறம், கழுத்துல அவன் பேரு இருக்குதுன்னு மீட்டிங்ல அழாத கொறையாச் சொன்னீங்க. நாங்கூட உங்களுக்காக வருத்தப்பட்டேன். எங்கப்பா மூஞ்சிய இம்புட்டுப் பெருசா வச்சீங்களே, அதுல அவரு பேரு எங்க?"

திருமூர்த்தி எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினார். "ஈஸ்வரமூர்த்தி, அந்த மாலையக் கழட்டு. அந்த எழுத்த அழிச்சரு. சுருக்கா."

"இல்லீங்க மொதலாளி."

"என்னது?"

"மாலை போட்டு வெளக்கு வெச்ச படத்துல நான் கை வெக்க மாட்டனுங்க. கருமாதி முடியாம எறக்கப்படாதுங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க. நீங்க வேற ஆளப் பாத்துக்குங்க."

திருமூர்த்தி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் குனிந்து முன்சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க ஆரம்பித்தான். கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் போன் வந்துவிட்டது.

"ஒருத்தனும் வேண்டாம், நானே ஏறறேன்," என்று ஏணிப் பக்கம் போனார் முதலாளி. விழாவுக்கென்று புது ஷூ போட்டிருந்தார். வழவழப்பான அடி; மூங்கில் ஏணியில் வழுக்கும். குனிந்து ஒன்றைக் கழற்றினார். மற்றதையும் கழற்றி ஓரமாக வைத்தார்.

நிமிர்ந்தபோது கூட்டம் விலகி அவருக்கு வழி விட்டிருந்தது. முதலாளியே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு அயர்ன் மாஸ்டருக்கு மரியாதை செய்ய வருகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். செக்கிங் செக்ஷன் பெண் ஒருத்தி அவர் கையில் உதிரிப்பூவைக் கொடுத்தாள். இன்னொருத்தி கற்பூரத்தட்டை நீட்டினாள். பொட்டல்காரர்கள் கம்புகளை இறக்கிப் பிடித்துத் தலை குனிந்து நின்றார்கள்.

வேல்விழிக்கு மட்டும் தெரியும், அவர் எதற்குக் கழற்றினார் என்று. அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்தது. வெயிலில் தார் சுட்டது. அவர் காலை மாற்றி மாற்றி வைத்தார். கையில் பூவை வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் ஒரு செத்த மனுஷனின் படத்தைப் பிய்க்க ஏணி ஏற முடியுமா? அண்ணாந்து அந்தப் பெயரைப் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு குனிந்து பூவை விளக்கின் பக்கத்தில் போட்டார்.

"எப்ப எடுக்கறீங்க?" என்று கேட்டார், அவளைப் பார்க்காமல்.

"பொழுது சாயிறதுக்குள்ள எடுத்துருவம் மொதலாளி. பஸ்ஸு எப்ப வருதோ வரட்டும்."

அவர் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டே காருக்குப் போனார்.

சாயங்காலம் பாடை கிளம்பியது. சோணைமுத்துவுக்கு அவருடைய சொந்த வேட்டி, அவர் கையால் அயர்ன் போட்டு வைத்திருந்த வெள்ளைச் சட்டை. ஒச்சம்மாள் வாசலோடு நின்றுவிட்டாள். நாலு பேர் பிடித்தும் நிற்காமல் மண்ணில் விழுந்து, "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். வேல்விழியும் பெண்களும் திருப்பம் வரைக்கும் கூட நடந்தார்கள். பாடைக்கு முன்னால் அருண்பாண்டியும் பொட்டல்காரர்களும் கம்புகளைத் தோளில் சாய்த்தபடி போனார்கள். அவர்களுக்கும் பாடைக்கும் நடுவில் அழகுமலை, கையில் கொள்ளிச்சட்டியோடு.

திருப்பத்தில் ஒரு போலீஸ்காரர் லத்தியைக் குறுக்கே நீட்டினார். ரோட்டின் வடக்கே, வரிசையாக மூன்று ஏசி பஸ்கள் வந்துகொண்டிருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை முகங்கள், சிவப்பு முகங்கள்.

"நில்லுங்க, நில்லுங்க. கெஸ்ட்டு வண்டி போகட்டும், அப்புறம் நீங்க போலாம். யாருங்க நீங்கெல்லாம்? எந்த ஊருப் பொணம் இது?"

வேல்விழி வாயைத் திறந்தாள். அதற்குள் மாமனைப் பார்த்தாள். அழகுமலையின் இரண்டு கையிலும் சட்டி. புகை கண்ணில் அடித்து நீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. மோவாயை மட்டும் தூக்கி மேலே காட்டினான்.

போலீஸ்காரர் திரும்பி ப்ளக்ஸைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், கறுப்பு எழுத்தை உதடசைத்துப் படித்தார். பாடையில் கிடந்தவரை ஒரு தடவை பார்த்தார். லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக முன்னால் வந்த பஸ்ஸுக்குப் போனார். அதன் நெற்றியில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, இன்ஜினை அணைக்கச் சொல்லிக் கை காட்டினார். முதல் பஸ் நின்றது. பின்னால் வந்தவையும் நின்றன.

அருண்பாண்டி கம்பைத் தரையில் தொட்டுக் கண்ணில் ஒற்றி, சிலம்பத்தின் வணக்கமான சலாம் வரிசை போட ஆரம்பித்தான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கம்புகள் காற்றைக் கிழிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பாடை ரோட்டின் நடுவில் ஏறி, தோரணத்துக்கு அடியில் நுழைந்து, ஓடைப் பக்கம் இறங்கியது.

பெண்கள் அதற்கு மேல் போகக் கூடாது. வேல்விழி ப்ளக்ஸின் காலடியில் நின்றாள். கடைசிக் கம்பும் கண்ணுக்கு மறைந்த பிறகு பஸ்கள் உறுமிக்கொண்டு கிளம்பின. அந்தக் காற்றில் விளக்கு படபடத்தது. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மை அப்பிய இரண்டு கைகளையும் சுடரைச் சுற்றிக் குவித்துக்கொண்டாள்.